ஓடுகாலி மீனும் நாற்பத்தோரு நோட்டும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண் மேல் ஆணை, முப்பத்திரண்டு பல் மேல் ஆணை. கண்ணுக்குள் போன வருஷம் லென்ஸ் வைத்தார்கள், பல் தினமும் டம்ளர் தண்ணீரில் தூங்குகிறது என்பதெல்லாம் வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

முப்பத்தோரு வருஷம் நான் மீன் பார்த்தவன். பிடித்தவன் இல்லை, விற்றவன் இல்லை, பார்த்தவன். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத நீள அறை. அதில் ஆயிரத்து இருநூறு கண்ணாடித் தொட்டி. ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளத்துக்கு, உடம்பெல்லாம் கோடு போட்ட வரிமீன்கள். தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, ஆணையும் பெண்ணையும் நேரம் பார்த்துச் சேர்த்து வைப்பது, முட்டை எடுப்பது என் வேலை. கல்யாணத் தரகரும் ஆயாவும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி.

அந்த அறைக்குள் போனால் நேரம் தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி கரைந்துவிடும். பம்பு ஒரே சீராக லப்பு லப்பென்று அடித்துக்கொண்டிருக்கும். நாலு நாளில் உங்கள் நெஞ்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். ஒரு வியாழக்கிழமை மோட்டார் நின்றுபோயிற்று. மெக்கானிக் வர நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் ஆயிரத்து இருநூறு தொட்டி மீனும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து ஒரே நேரத்தில் மூடி, பம்பின் வேலையைத் தாங்களே பார்த்தன. மெக்கானிக் வந்து கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே ஓடுது, சும்மா எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று திட்டிவிட்டுப் போனான். வேண்டுமானால் அவனையே கேளுங்கள்.

மூன்றாவது மாடியில் இருந்த விஞ்ஞானி என் தங்கை. அவளுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடுவது பாப்பா என்று. கூடத்தின் வாசல் தாண்டிவிட்டால் மேடம். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஒத்தக்கோடு. காரணம் சொல்கிறேன்.

விஞ்ஞானிகள் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று எழுதுவார்கள். அன்றன்றைக்குச் செய்தது, கண்டது, காணாதது எல்லாம் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட வேண்டும். "தப்பும் ரெக்கார்டுதான்" என்பாள் என் தங்கை. மற்றவர்கள் யாரும் பார்க்காதபோது ஒரு தாளைச் சுருட்டிக் குப்பையில் போடுவார்கள். இவள் கடைக்குப் போக எழுதும் சீட்டில்கூட சோப்பு என்பதை ஒரு கோடால் அடித்து, 'வீட்டிலேயே இருக்கிறது' என்று எழுதித் தேதி போடுவாள்.

அவள் ஆராய்ந்தது ரத்தக்குழாய் எப்படி வளர்கிறது என்பதை. எனக்குப் புரிந்த அளவில் அது இப்படி. உடம்பில் எந்த மூலைக்கு மூச்சு முட்டுகிறதோ அந்த மூலை கூப்பிடும். சத்தம் போட்டு இல்லை, ஒரு சரக்கைக் கரைத்து அனுப்பும். பக்கத்தில் ஓடும் குழாய்க்கு அது எட்டியதும் குழாயின் விலாவில் ஒரு மொட்டு விடும். மொட்டின் நுனியில் இருக்கும் செல், இருட்டில் ஸ்விட்சைத் தேடுகிறவர் மாதிரி கையை நீட்டித் தடவித் தடவிப் போகும். மற்ற செல்கள் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் ரத்தம் ஓடும். உங்களுக்கும் எனக்கும் அம்மா வயிற்றில் இதுதான் நடந்தது. நமக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

வரிமீன் குஞ்சு முட்டைக்குள் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். போதாததற்கு, ரத்தக்குழாய் மட்டும் பச்சையாக மினுங்குகிற மாதிரி ஒரு மரபணுவை அதற்குள் சேர்த்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேகத்துக்கு மேலே பறந்துகொண்டு கீழே விளக்கேற்றிய ஊரைப் பார்ப்பது போல் இருக்கும். ஆள் இல்லாத ஊர். தெருக்கள் மட்டும் தாமாக நீண்டுகொண்டே போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் அந்தத் தெருவில் எங்கேயோ வீட்டைத் தேடிக்கொண்டு நடப்பது போலத் தோன்றும். நான் ஒருமுறை அப்படி நடந்து போய்த் திரும்பி வர மதியச் சாப்பாட்டு மணி ஆகிவிட்டது.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மீன் வகையில் என் தங்கை அதைக் கண்டாள். அந்த வகையில் ஒரு மரபணு உடைந்திருந்தது. தட்டில் இரண்டு கருக்களை ஒட்டி ஒட்டி வைத்தால், ஒன்றுக்கு மூச்சு முட்டும்போது மற்றதன் ரத்தக்குழாய் தன் வரிசையை விட்டு விலகி, தோலைத் தாண்டி, பக்கத்துக் குஞ்சுக்குள் புகுந்து தன் ரத்தத்தைக் கொடுத்தது.

மரபணுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரபணுவுக்கு அது செய்யும் வேலையை வைத்துப் பெயர் வைக்க மாட்டார்கள். அது உடைந்தால் என்ன கூத்து நடக்கிறதோ அதுதான் பெயர். அந்தக் கணக்கில் நான்தான் முதலில் கூப்பிட்டேன், ஓடுகாலி என்று. சொந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குள் போகிறதே, வேறு என்ன சொல்ல? என் தங்கை முறைத்தாள். மறுநாள் தொட்டிச் சீட்டில் அவள் கையெழுத்திலேயே ஓடுகாலி என்று இருந்தது.

ஒருமுறை தொட்டி மூடி கிழித்து என் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. அந்தக் கையோடு ஓடுகாலிக் கருக்கள் இருந்த தட்டைத் தூக்கினேன். பச்சையாக ஒரு இழை தட்டின் விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்து, விரலுக்குள் இறங்கி, மதியத்துக்குள் காயத்தை மூடிவிட்டுத் திரும்பிப் போயிற்று. தழும்புகூட இல்லை. அதுதான் அத்தாட்சி.

சரி, சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் இன்னொருவர் 'படித்தேன், புரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீன் முட்டை போடுவது காலையில் விளக்குப் போட்டதும். ரத்தக்குழாய் மொட்டு விடுவது அதற்கு மறுநாள், கிட்டத்தட்ட அதே நேரம். அந்த நேரத்தில் கட்டடத்தில் இருப்பது இரண்டே பேர், அவளும் நானும். மற்றவர்கள் பத்து மணிக்கு மேல் கொட்டாவியோடு வருவார்கள். ஆகவே கையெழுத்து என்னுடையது. இருபத்திரண்டு வருஷம், நாற்பத்தோரு நோட்டு. நாங்கள் அண்ணன் தங்கை என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் எழுதி வைப்பார்கள்?

வினை கடிதமாக வந்தது. தூரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்று, ஓடுகாலி மீன்களை எங்களிடமே வாங்கிப் போய், என் தங்கை கட்டுரையில் எழுதியபடியே செய்து பார்த்ததாம். முந்நூறு முறை. ஒரு குழாய்கூடத் தாண்டவில்லையாம். கண்டதாகச் சொன்னது கற்பனை என்று நேரடியாக எழுதவில்லை, மரியாதையாக எழுதியிருந்தார்கள். அது இன்னும் மோசம்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பெரிய பேராசிரியர், கூடவே ஒரு வக்கீலம்மா, மூன்றாவதாக எப்போதும் இருமிக்கொண்டிருந்த ஒருவர். அவர் பெயரைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் இருமல் வந்ததால் எங்களுக்குக் கடைசிவரை இருமல்காரர்தான். நோட்டு நம்பத் தகாதது என்று இவர்கள் எழுதிவிட்டால் என் தங்கையின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அறையைப் பூட்ட வேண்டும், ஓடுகாலிக் குலம் முழுவதும் ஐஸ் தண்ணீரில் போய்ச் சேரும். அதையெல்லாம் அவள் தாங்குவாள். பொய் எழுதினவள் என்ற பேரோடு வீட்டுக்குப் போவதை மட்டும் தாங்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

வக்கீலம்மா என்னைத் தனியாக, மீன் அறையிலேயே விசாரித்தார். நாற்காலி இல்லாததால் தீனி டப்பா மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பெரியவரே, எல்லா நோட்டுலயும் சாட்சிக் கையெழுத்து ஒன்னேதான் இருக்கு. உங்களுதா?"

"கோணலா இருக்கறதெல்லாம் என்னுதுங்க. நேரா ஏதாவது இருந்தா அது என்னுது இல்லை."

"படித்தேன், புரிந்ததுன்னு எழுதியிருக்கீங்க. புரிஞ்சுதா?"

"படிச்சேங்க."

"புரிஞ்சுதான்னு கேட்டேன்."

"மீனுக்குப் புரிஞ்சுதுங்க. நான் மீன் சார்பா போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "பதினோரு வருஷம் முன்னாடி எல்லா அறைக்கும் வந்த சுற்றறிக்கை. சாட்சி ஆய்வாளருக்குச் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. பாத்திருக்கீங்களா?"

தாளை எனக்கு நன்றாகவே தெரியும். அதே தாள் எட்டாக மடித்து, மூன்றாம் வரிசையில் ஆடுகிற ரேக்கின் காலுக்கு அடியில் பதினோரு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதில் எழுத்து இருக்கிறது என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி.

"அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

பம்பு அடித்துக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு தொட்டியும் என்னைப் பார்த்தன.

"ஒரு உறவும் இல்லீங்க. மழையில நனைஞ்சுட்டு வந்தாக்கூடக் குடை குடுக்க மாட்டேன்."

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். சாயங்காலமே தட்டச்சு செய்து ஒரு பிரதியை மேலே அனுப்பிவிட்டார்கள்.

என் தங்கை மீன் அறைக்கு இறங்கி வருவதே அபூர்வம். தட்டுகளை நான் தட்டு போக மட்டும் சுவரில் வெட்டிய சின்ன ஜன்னல் வழியாகத் தூக்குப்பெட்டியில் வைத்தால் மேலே போய்விடும். அன்றைக்கு இறங்கி வந்தாள். கையில் அந்தத் தாள்.

"அண்ணா, இது என்ன?"

"வாக்குமூலம் மாதிரி இருக்கு, மேடம்."

"மேடமாவது மண்ணாவது. யாரைக் கேட்டு இப்படிச் சொன்னே?"

"ஒரு வார்த்தை பாப்பா. ஒரு வார்த்தைல நாப்பத்தோரு நோட்டும் தப்பிச்சுடும்."

"தப்பிச்ச நோட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? தலைக்கு வெச்சுப் படுத்துக்கவா?"

"இருபத்திரெண்டு வருஷம்."

"அதனாலதான் சொல்றேன். நாப்பத்தோரு நோட்டுல ஒரு பொய் கிடையாது. நாப்பத்திரெண்டாவதை நீ தொடங்கி வைக்காதே." பேனாவை எடுத்துவிட்டாள். "என்னைப் பாத்துச் சொல்லு. மீனைப் பாக்காதே. நான் உனக்கு யாரு?"

நான் ஐந்நூற்று நாலாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "தங்கச்சி."

'ஒரு உறவும் இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள். அடியில் இருப்பது நன்றாகப் படிக்கிற மாதிரி. பக்கத்தில் 'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதித் தேதி போட்டு, மறுநாள் காலை பேராசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டாள். எங்கள் வம்சத்தில் பொய் சொல்லும் திறமையெல்லாம் எனக்கே வந்துவிட்டது. அவளுக்கு மிச்சம் வைக்காதது என் தப்புதான்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ சாட்சி செல்லாதும்மா. நோட்டை வெச்சு நாங்க ஒன்னும் முடிவு பண்ண முடியாது. எங்க கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க. மூணு நாள் காலை. ஒரு நாள் தாண்டினாலும் போதும். ஆனா உங்க அண்ணன் கை எதுலயும் படக் கூடாது."

"சரி" என்றாள்.

அன்று தொடங்கி நான் தாழ்வாரத்தில். முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக என் மீன்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு. கதவில் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. இருமல்காரர் உள்ளே போய் இருமி இருமி, ஆண் மீனையும் பெண் மீனையும் பிரித்திருந்த தடுப்புகளை எடுத்தார், முட்டைகளை வடிகட்டினார், எல்லாவற்றையும் ஒரே வாளியில் சேர்த்து, அதிலிருந்து எடுத்து மேலே அனுப்பினார்.

முதல் நாள் காலை குழாய் தாண்டவில்லை. இரண்டாவது நாள் காலையும் தாண்டவில்லை. பச்சைக் குழாய்கள் ஒவ்வொன்றும் தன் வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, ஏணிப்படி போட்டது போல் ஒழுங்காக மேலே ஏறினவாம். பக்கத்தில் மூச்சு முட்டிக் கிடந்த குஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லையாம்.

இரண்டாவது நாள் அவள் படியிறங்கி வந்து தாழ்வார பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் பாக்கவே இல்லையோ?"

"எதை?"

"வேணும்னு நினைச்சதை வரைஞ்சு வெச்சுட்டேனோ? இத்தனை வருஷம் ஏதோ பச்சையா அசைஞ்சதைப் பாத்துட்டு."

"நானும்தானே பாத்தேன்."

"மோட்டார் நின்னப்போ மீனெல்லாம் பம்பு அடிச்சுது. அதையும் நீதான் பாத்தே."

வாழ்நாள் முழுக்கப் பொழுதுபோக்குக்குக் கதை அளந்துகொண்டிருந்தவன், கடைசியில் ஒரே ஒரு உண்மைக்குச் சாட்சி வேண்டும் என்றபோது காலிப் பையோடு நின்றேன். பம்பு மட்டும் கதவுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். குரல் மாறியிருந்தது. நோட்டு எழுதும்போது வரும் குரல்.

"நீ தட்டு எப்படித் தயார் பண்ணுவே? மொதல்லேருந்து சொல்லு. கதை விடாம."

"சாயங்காலம் சின்னத் தொட்டியில ஒரு ஆண், ஒரு பெண். நடுவுல தடுப்பு. காலைல லைட்டைப் போட்டுத் தடுப்பை எடுப்பேன். முட்டை போடும். டீ வடிகட்டியில அள்ளிக் கழுவுவேன்."

"அப்புறம்?"

"ரெண்டு ரெண்டா எடுத்துத் தட்டுல வைப்பேன். ஜன்னல் வழியா அனுப்புவேன். அவ்வளவுதான்."

"எந்த ரெண்டு?"

"ஒரே தொட்டியில எடுத்த ரெண்டு."

அவள் பேனா நின்றது. "ஒரே தொட்டின்னா ஒரே அம்மா, ஒரே அப்பா."

"ஆமா."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். ஒரு வடிகட்டி கழுவாம அடுத்த தொட்டிக்குப் போக மாட்டேன்."

"யார் சொன்னா அப்படிச் செய்யச் சொல்லி?"

"யாரும் சொல்லலை. கூடப் பொறந்ததுங்களைப் பிரிச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"இதெல்லாமா ஒரு விஷயம்னு சொல்லுவாங்க? நீயும் கேக்கலை. வெச்சிருந்தா எடுத்துப் பாத்தே."

அவள் எழுதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து இருக்கும்போது அம்மா போய்விட்டாள், அப்பா அதற்கு முன்பே. என்னைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார், அவளை அத்தை. நடுவில் மூன்று தெரு. நாலு வருஷம்.

"அதான் பாப்பா, நான் சாப்பாட்டுக் கரண்டியால பெரியப்பா வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேருந்து சுரங்கம் தோண்டினேன். மூணு தெருவுக்கும் அடியில. கடைசியில ஒரு வீடு கணக்குத் தப்பி, தையல்கடைக்குள்ள தலையை நீட்டிட்டேன். அந்த ஆள் டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்துட்டாரு."

"சுரங்கமெல்லாம் இல்லை" என்றாள் மெதுவாக. "நீ தினமும் நடந்து வந்தே. அத்தை கதவைத் திறக்கலைன்னா பின்பக்க ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டுத் தடவுவே. எனக்கு எட்டாது, நான் பெட்டி மேல ஏறி நிப்பேன். என் விரல் கிடைச்சதும் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பே, ஒன்னும் பேசாம. அதுதான் நடந்தது."

"சுரங்கம் நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு" என்றாள். எழுந்து ஓடினாள். அறுபது வயதில் மூன்று மாடி.

அன்றைய முட்டைகளை இருமல்காரர் இன்னும் வாளியில் சேர்த்திருக்கவில்லை. பேராசிரியரிடம் என் தங்கை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: நோட்டில் ஒரு படி விடுபட்டிருக்கிறது, தனக்கே தெரியாமல் விடுபட்டது, கருக்கள் ஒரே ஜோடிக்குப் பிறந்தவையாக இருக்க வேண்டும், அந்தத் தூரத்துக் கூடமும் எல்லாரையும் போல வாளியில் கலந்திருக்கும். வக்கீலம்மா, "அதையும் அந்தப் பெரியவர்தான் சொன்னாரா?" என்று கேட்டாராம். "ஆமா" என்றாளாம். ஒரு நாள் பாக்கி இருந்தது. பேராசிரியர் தன் கையாலேயே ஒரு தொட்டியிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து வைத்தார்.

மூன்றாவது நாள் காலை என்னையும் மேலே வரவிட்டார்கள், மைக்ராஸ்கோப் அறைக்கு வெளியே, அந்தக் கதவிலும் இருந்த வட்டக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உள்ளே விளக்கை அணைத்திருந்தார்கள். திரை மட்டும் நீலமும் பச்சையுமாக மிதந்தது. இரண்டு குஞ்சுகள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு காற்புள்ளிகள் மாதிரி. ஒன்றின் இதயம் சரியாக அடித்தது. மற்றதன் இதயம் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வளர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு கணம் வேறெதையோ நினைத்துத் திரும்பினால் வளர்ந்திருக்கும். நான் ஜன்னல் கம்பியை நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். ஏழாவது குழாயின் விலாவில் ஒரு மொட்டு.

அது வரிசையை விட்டு விலகியது. நுனியில் விரல்கள் முளைத்தன, தடவின, மடங்கின, மறுபடி நீண்டன. தோலின் ஓரத்துக்கு வந்து நின்றது. அங்கே யோசித்தது என்றுதான் சொல்வேன், பேராசிரியர் வேறு வார்த்தை சொல்லட்டும். பிறகு தாண்டியது. அந்தப் பக்கத்துக் குஞ்சிலிருந்தும் ஒன்று நீண்டு வந்தது, பெட்டி மேல் ஏறி நின்ற மாதிரி. இரண்டும் தொட்டன. முதலில் ஒரே ஒரு ரத்த அணு போயிற்று, பிறகு இரண்டு, அப்புறம் வரிசையாக. யோசித்துக்கொண்டிருந்த இதயம் அடித்தது.

அப்போது நடந்ததை அப்படியே சொல்கிறேன். இருமல்காரரின் இருமல் நின்றது. அதற்கப்புறம் அவர் இருமவே இல்லை. அறையில் இருந்த நாலு பேரின் மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. திரையிலிருந்த பச்சை இழை மேஜைக்கு வந்தது, வக்கீலம்மாவின் கோப்பைச் சுற்றிக்கொண்டு, பேராசிரியரின் ஷூவுக்கு மேல் ஏறி இறங்கி, கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாகத் தாழ்வாரத்துக்கு வந்து என் மணிக்கட்டைத் தொட்டது. கொசு கடித்த மாதிரி, அவ்வளவுதான். உள்ளே என் தங்கை திரும்பாமலே தன் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டாள். கீழே, மூன்று மாடிக்குக் கீழே, பம்பு அடிப்பது எனக்குக் கேட்டது.

விளக்கு போட்டார்கள். பேராசிரியர் கையை நீட்டினார். "நோட்டைக் குடும்மா" என்றார். நாற்பத்திரண்டாவது நோட்டின் முதல் பக்கம். நேரம், தொட்டி எண், ஏழாவது குழாய் எல்லாம் அவள் எழுதி முடித்ததும், 'படித்தேன், புரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேராக இருந்தது. பழைய நோட்டுகள் செல்லும் என்று அறிக்கையில் எழுதினார்கள். தூரத்துக் கூடத்துக்கு ஒரு வரி போயிற்று: வாளியில் கலக்காதீர்கள். பதினேழாம் நாள் அவர்களிடமிருந்து பதில் வந்தது, தாண்டிவிட்டது என்று. ஓடுகாலி என்ற பெயர் மரபணுவுக்கே நிலைத்துவிட்டது. பெரிய மாநாட்டில் கோட்டுப் போட்டவர்கள் முகத்தைச் சுளிக்காமல் அதைச் சொல்வதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் பதினேழாம் நோட்டை எடுத்தாள். ஒரு குழாய் முதன்முதலில் தாண்டிய பக்கம். 'இரண்டு கருக்களை அருகருகே வைத்தேன்' என்று இருந்தது. 'வைத்தேன்' என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள். அன்றைய தேதியிட்டு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்:

'வைத்தது என் அண்ணன். இரண்டும் கூடப்பிறந்தவை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.'

நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் படித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் புரிந்தது. ஆனால் கையெழுத்துப் போட முடியாது. சொந்தக்காரன் சாட்சி போடக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆகவே பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, மீனுக்குத் தீனி போடக் கீழே இறங்கினேன்.

நடந்தது இவ்வளவுதான். என் தங்கை சொன்ன மாதிரி, விடுபட்டதையும் எழுதி வைத்துவிட வேண்டும். ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று, யார் வேண்டுமானாலும் பிறப்புப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்: என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே குழந்தை, கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது.